பேப்பர் கொடுக்கிற நாள்

எங்கள் பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டியை முதலில் தலைமையாசிரியர் அறை வாசலில்தான் மாட்டியிருந்தோம். பக்கத்திலேயே 14417, 1098 என்ற இரண்டு உதவி எண்களும் போட்ட சுவரொட்டி. வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதியாவது போடட்டும் என்று அரசுப் பள்ளிகளில் வைக்கச் சொன்ன பெட்டி அது. மூன்று மாதம் திறந்து திறந்து பார்த்தோம். ‘விளையாட பந்து வேணும்’ என்று இரண்டு சீட்டு. ஒன்றுமே எழுதாமல் மடித்துப் போட்ட சீட்டு ஒன்று. அந்த வெற்றுச் சீட்டு ரொம்ப நாள் என் மனதை அரித்தது.

சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் அக்காதான் ஒருநாள் சொன்னார்: “அந்த வாசல்ல நின்னாலே ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்குதுன்னுதானே டீச்சர் எல்லாரும் பார்ப்பாங்க? அங்க போயி யாரு எழுதிப் போடும்?” இத்தனை பேர் படித்துவிட்டு இருக்கிறோம், யாருக்கும் இது தோன்றவில்லை. தட்டு கழுவும் குழாய்க்குப் பக்கத்துச் சுவருக்குப் பெட்டியை மாற்றினோம். அங்கே எல்லாப் பிள்ளைகளும் தினமும் போவார்கள், யார் எதற்கு நிற்கிறார்கள் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். அப்புறம் சீட்டுகள் வர ஆரம்பித்தன.

அதில் ஒன்று, ரஃப் நோட்டில் கிழித்த தாளில் பென்சிலால் எழுதியது: ‘டீச்சர் நான் பொய் சொல்லல. வயிறு நிஜமாவே வலிக்குது.’

பெயர் இல்லை. ஆனால் ‘று’வின் வாலை அப்படி இழுத்து எழுதும் பிள்ளை என் எட்டாம் வகுப்பில் ஒருத்திதான். முப்பத்தெட்டு பேருடைய கணக்கு நோட்டைத் திருத்துகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? பல வாரமாகவே முதல் பீரியடில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். மாதவிடாயாக இருக்குமோ என்று கேட்டேன். இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், எங்கள் உயர்நிலைப் பள்ளியில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் உண்டு. அதுவும் இல்லை, பழையது சாப்பிட்டுத்தான் வந்திருந்தாள். அதற்கப்புறம் நான் எடுத்த முடிவுதான் தப்பு. “டெஸ்ட்டுக்குப் பயந்துகிட்டு நடிக்கிறே, போய் உட்காரு” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சீட்டைப் பார்த்த அன்று அவளைத் தனியாக அழைத்து விசாரிக்கவில்லை. திருத்திய நோட்டுகளைத் தூக்கிவரக் கூப்பிட்டேன். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். கூட நடந்தால், கையில் ஒரு வேலையும் இருந்தால், தானாகப் பேச்சு வரும். வராந்தாவில் பாதி தூரம் வந்ததும், “செவ்வாய்க்கிழமைதான் டீச்சர் ரொம்ப வலிக்கும்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை நான் டெஸ்ட் பேப்பர் கொடுக்கிற நாள். அதிக மார்க்கில் தொடங்கி, பெயரையும் மார்க்கையும் சத்தமாகப் படித்து, வரிசையாகக் கொடுப்பேன். எனக்கும் என் டீச்சர் அப்படித்தான் கொடுத்தார்கள். கடைசி நான்கைந்து பேப்பர் என் கையில் மிச்சம் இருக்கும்போது யாருடையது அவை என்று வகுப்புக்கே தெரியும். அவள் பெயர் அங்கேதான் வரும். அன்றைக்கு மதியம் சத்துணவு வரிசைக்கே வரமாட்டாளாம், பின்னால் நின்று யாராவது மார்க்கைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று. வாரா வாரம் நடந்திருக்கிறது. வகுப்பாசிரியை நான், கவனிக்கவில்லை.

2017-இல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியபோது, ரொம்ப நல்ல முடிவு என்று ஸ்டாஃப் ரூமில் பேசியவள் நான். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பை நான் தொட்டதே இல்லை என்பதால் அந்தப் பிரிவு எனக்கில்லை என்று நினைத்திருந்தேன்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேனும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லையாம். பயமும் பதற்றமும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வயிற்று வலியாக, தலைவலியாகத்தான் வெளியே வரும், அந்த வலி பொய்யில்லை என்றேன். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. “பைத்தியம்னு பேரு வந்துட்டா நாளைக்கு யாரு டீச்சர் கட்டுவா?” அந்தப் பயத்தை நான் அலட்சியமாக நினைக்கவில்லை, அந்த ஊரில் வாழப்போகிறவர் அவர். சரி, முதலில் போனில் பேசிப் பாருங்கள் என்று 14416 எண்ணைக் கொடுத்தேன். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். என் போனிலிருந்தே போட்டு, ஸ்டாஃப் ரூமை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் வெளியே நின்றுகொண்டேன். இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. அரையாண்டுப் பரீட்சை வரை அவ்வப்போது இருந்தது. பேப்பரை இப்போது நோட்டுக்குள் வைத்து, பெஞ்சு வரிசைப்படி கொடுக்கிறேன். யாருக்கு எவ்வளவு என்று நான் வாயைத் திறப்பதில்லை. முதல் மார்க் வாங்கும் பையனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அவனிடமும் நடந்துகொண்டே பேசவேண்டியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு 50-க்கு 14. நோட்டைத் திறந்து பார்த்தாள், பேப்பரை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு மற்ற பெண்களோடு முட்டை வரிசையில் போய் நின்றாள்.