84 நாள் கணக்கும் ஒரு டோலோ மாத்திரையும்

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 டிசம்பரில் கல்லூரிகள் மெல்லத் திறந்தபோது நான் சென்னையில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில் துணைக் காப்பாளராக இருந்தேன். காலையில் வேதியியல் வகுப்பு, மாலையில் விடுதி. முதலில் ஆராய்ச்சி மாணவிகளும் முதுநிலை அறிவியல் மாணவிகளும் வந்தார்கள். 7ஆம் தேதியிலிருந்து இளநிலை இறுதியாண்டுப் பெண்கள். அறைக்கு ஒருவர், மெஸ்ஸில் மேசைக்கு ஒருவர், வாசலில் தெர்மல் ஸ்கேனர். விதிகளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நம்பினேன்.

அடுத்த வாரமே கிண்டியிலிருந்து செய்தி வந்தது. ஐ.ஐ.டி. வளாகத்தில் 100 பேருக்கு மேல் தொற்று, பெரும்பாலும் மாணவர்கள். மெஸ்ஸை மூடிவிட்டு, சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள். அன்று மாலையே எங்கள் கல்லூரியிலும் எல்லோருக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் கொரோனா பரிசோதனை எடுக்க முடிவானது. மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பெண்கள் அறைக் கதவைத் திறக்கவே பயந்தார்கள். ஒருத்தி மட்டும் மணிக்கொரு முறை போன் செய்து, "மிஸ், பாசிட்டிவ்னு வந்தா வைவாவுக்கு ஆப்சென்ட் போடுவீங்களா?" என்றே கேட்டாள். நோயைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் சுற்றறிக்கையில் தனிமைக்கு 14 நாள் என்று இருந்தது. அந்த 14 நாளின் வருகைப்பதிவு என்ன ஆகும் என்று ஒரு வரி கூட இல்லை.

மாணவிகளில் யாருக்கும் தொற்று இல்லை. மெஸ்ஸில் காய் நறுக்கும் அக்காவுக்கு இருந்தது. வியாசர்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். மூன்று நாளாகவே காய்ச்சலாம். அதிகாலையில் ஒரு டோலோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசலுக்கு வரும்போது உடம்பு குளிர்ந்துவிடும், ஸ்கேனரில் ஒன்றும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. "சொன்னா 14 நாள் கூலி போயிடும் மேடம். வீட்டு வாடகை யார் குடுப்பா?" என்றார். அவர் கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. எங்கள் விதிகளில் மாணவிகள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள், அலுவலக ஊழியர்கள் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் மூன்று வேளை சோறு ஆக்குகிறவர்கள் அதில் எங்கேயும் இல்லை.

அப்புறம் இரண்டாம் அலை வந்து விடுதியையே மூடினோம். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட மறுநாள் மயங்கி விழுந்து, அதற்கடுத்த நாள் காலமானார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஆனால் எங்கள் துப்புரவுப் பணியாளர்களிடம் அந்தப் பயம் மாதக்கணக்கில் இருந்தது. உட்கார்ந்து பேசினால் கேட்டுக்கொண்டார்கள். போடாவிட்டால் வேலை இல்லை என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்கள் தொடங்கியதும் நாலு பேரை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். அந்த அரை மணி நேரமும் ஒரு அம்மா என் கையை விடவில்லை.

செப்டம்பர் 1 முதல் நேரடி வகுப்பு என்று அரசு அறிவித்ததும் கல்லூரி புதுச் சுற்றறிக்கை போட்டது: இரண்டு டோஸ் சான்றிதழ் இருந்தால்தான் விடுதியில் இடம். தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோவிஷீல்டு தடுப்பூசிக்கு அப்போது இரண்டு டோஸுக்கும் நடுவே 84 நாள் இடைவெளி. ஜூலை 10ஆம் தேதி முதல் ஊசி போட்ட பெண்ணுக்கு அக்டோபர் 2ஆம் தேதிதான் இரண்டாவது. 18 வயது ஆனவர்களுக்கே மே மாதம்தான் அனுமதி கிடைத்தது, அதிலும் தட்டுப்பாடு. பின்னால் சேர்ந்த முதலாண்டில் 17 வயதுப் பெண்கள் பலர். அவர்களுக்கு 2022 ஜனவரி 3 வரை ஊசியே கிடையாது. ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு அப்பா பெட்டியும் படுக்கையுமாக மகளைக் கூட்டிவந்து வாசலில் நின்றார். "கோவின்ல ஒரு டோஸ்தாம்மா காட்டுது, நாங்க என்ன பண்ண?" என்றார். கோவின் என்பது அரசின் தடுப்பூசிப் பதிவு இணையதளம். அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி முதல்வரிடம் போய் 84 நாள் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு டோஸ் போதும், 18 வயது ஆகாதவர்களுக்குப் பரிசோதனை முடிவு போதும் என்று மாற்றினார்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு கோரிக்கை எழுதியிருந்தேன். தனிமையில் இருக்கும் நாளெல்லாம் வருகை தந்த நாளாகக் கணக்கில் வர வேண்டும், தவறிய தேர்வை மறுபடி வைக்க வேண்டும் என்பது ஒன்று. மெஸ், துப்புரவுப் பணியாளர்கள் காய்ச்சலில் வீட்டில் இருந்தால் கூலியை விடுதி நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது உடனே நடந்தது. இரண்டாவதற்கு மூன்று கூட்டம் ஆனது. கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். காய் நறுக்கிய அக்காவின் கதையை மூன்று கூட்டத்திலும் சொன்னேன். கடைசியில் முழுக்கூலி கிடைக்கவில்லை, பாதிக்கு ஒத்துக்கொண்டார்கள்.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் என்ற புதுவகைக் கொரோனா. நேரடி வகுப்புகள் மறுபடி நின்றன. ஆராய்ச்சி மாணவிகள் சிலர் மட்டும் விடுதியில் இருந்தார்கள். வீட்டுத் தனிமை 7 நாளாகக் குறைந்திருந்தது. எங்கள் விடுதியில் பொதுக் குளியலறை என்பதால் விருந்தினர் அறைகளைக் காலி செய்து தனிமைக்கு ஒதுக்கினோம். காலையில் கஞ்சி, மாலையில் சுக்குக் காபி, சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கொஞ்ச நேரம் பேச்சு. தொண்டை கரகரத்த அன்றே பெண்கள் தாங்களாகவே வந்து சொன்னார்கள்.

ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு போன் அடித்தது. அதே அக்காதான்.

"மேடம், ராத்திரியிலேர்ந்து உடம்பு கொதிக்குது. மாத்திரை போடல. இன்னிக்கு நான் வரல."

சரி அக்கா, படுங்க என்று சொல்லிவிட்டு, பதிவேட்டை எடுத்து அவர் பெயருக்கு நேராக முதல் நாள் என்று எழுதினேன்.