இரண்டு துளைகளுக்கு நடுவே

சித்தப்பா 17 வருடம் ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த கார் அது. 2000-ஆம் வருட மாடல், பெட்ரோல், நாலு சிலிண்டர். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும்மா. கெட்டி ஆயிலா ஊத்திக்கோ, சரியாயிடும்."

மெக்கானிக்கும் அதையே சொன்னதால் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரக ஆயிலை ஊற்றினேன். அந்த வாரம் இன்ஜின் சத்தம் குறைந்த மாதிரிதான் இருந்தது. காசு செலவழித்த பிறகு எந்த வண்டியும் ஒரு வாரத்துக்கு நன்றாகத்தான் ஓடும்.

அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டேப்பட் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம்) பக்கம் 'டக் டக்' சத்தம். முன்பு இரண்டு நொடியில் அடங்கும், இப்போது ஐந்தாறு நொடி ஆனது. இரவெல்லாம் ஆறிக் கெட்டியாகிக் கிடந்த ஆயில், கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பிலிருந்து வால்வுகள் வரை ஏறிவர நேரம் எடுக்கிறது. தேய்மானம் அதிகமாக நடப்பதும் அந்த முதல் நொடிகளில்தான். பழைய இன்ஜினுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தினமும் காலையில் அதைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த எண்களைப் பற்றி எனக்கு இருந்த புரிதலும் தலைகீழாகத்தான் இருந்தது. டபிள்யூ என்றால் 'வெயிட்' என்று நினைத்திருந்தேன். அது 'வின்டர்', அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சின்ன எண் என்றால் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 10டபிள்யூ-40 ஆயில் சூடானதும் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். இந்த வகை கொஞ்சம் குறைவாக இளகும், அவ்வளவுதான்.

கடைசியில் டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த ஓனர்ஸ் மேனுவலைப் பிரித்தேன். அதில் ஒரு அட்டவணை: வெளியே இருக்கும் வெப்பநிலைக்கு எந்த கிரேடு என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மூன்றுமே அதில் இருந்தன! இதைப் பார்க்காமலா மற்றவர்கள் பேச்சைக் கேட்டேன்? 20டபிள்யூ-50 தப்பில்லை, ஆனால் என் வண்டிக்குத் தேவையுமில்லை. அடுத்த முறை 10டபிள்யூ-40 வாங்கினேன். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம் எஸ்ஜே இருந்தால் போதும் என்று மேனுவல் சொன்னது. 'எஸ்' பெட்ரோல் இன்ஜினுக்கான எழுத்து. அடுத்த எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு புதிய தரம். டப்பாவில் எஸ்என் என்று இருந்தது, அது எஸ்ஜேவுக்குப் பின்னால் வந்ததுதான். (இன்னும் பழைய, தட்டையான டேப்பட் உள்ள இன்ஜின் வைத்திருப்பவர்கள் மட்டும் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம், பாஸ்பரஸ் அளவையும் பார்க்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்கப் பல புதிய ஆயில்களில் பாஸ்பரஸைக் குறைத்திருக்கிறார்கள்.)

சரி, ஆயில் குடிக்கிற கதைக்கு வருகிறேன். உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று சித்தப்பாவும் அளந்ததில்லை, நானும் அளந்ததில்லை.

என் முதல் அளவீடே சொதப்பல். வீட்டு வாசல் சரிவில் நின்ற வண்டியில், இன்ஜினை அணைத்த கையோடு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினேன். அதில் எழுத்தெல்லாம் கிடையாது, இரண்டு சின்னத் துளைகள்தான்: மேலே இருப்பது முழு அளவு, கீழே இருப்பது குறைந்தபட்ச அளவு. ஆயில் கீழ்த் துளைக்கும் கீழே இருந்தது. பதறிப்போய் முக்கால் லிட்டர் ஊற்றிவிட்டேன். மறுநாள் சமதரையில் பார்த்தால் மேல்துளையைத் தாண்டி ஒரு விரற்கடை! அளவு மீறினால் இன்ஜினுக்குள் சுழலும் கிரான்க்ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கிவிடும், நுரை சரியாக மசகு போடாது. டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சமாக இறக்குவது என்னால் ஆகாத காரியம். பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, டிப்ஸ்டிக் செருகும் துளை வழியாக உறிஞ்சி எடுத்தேன். ஒரு மாலை முழுக்க.

இப்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும், அணைத்துப் பத்து நிமிடம் ஆக வேண்டும். ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி எடுத்துப் பார்ப்பேன். முதல் தடவை உருவும்போது தெரிவதை நம்புவதேயில்லை, குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் ஏமாற்றிவிடும். நிறம் கறுத்திருந்தால் கவலைப்படுவதில்லை, அழுக்கைச் சுமப்பதும் ஆயிலின் வேலைதானே. பெட்ரோல் வாடை வருகிறதா, பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி ஆகலாம்.

இப்படி 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்து எழுதிவைத்தேன். குறைந்ததை அளவுக் குவளையில் ஊற்றி நிரப்பினேன். 1000 கிலோமீட்டருக்கு 400 மில்லி. ஆனால் ஆயில் உள்ளே எரிந்தால் வரும் நீலப் புகையைப் பெரிதாகக் காணோம். வேகம் எடுக்கும்போது புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், ராத்திரி நின்ற வண்டி ஸ்டார்ட்டில் புகைந்தால் வால்வ் சீல் போயிருக்கும் என்பார்கள். என் வண்டியில் காலையில் ஒரு சின்னப் புகை, அதற்குமேல் ஒன்றுமில்லை. அப்படியென்றால் மீதி எங்கே போகிறது?

மூக்குதான் கண்டுபிடித்தது. வண்டியை நிறுத்திய பிறகு பானட் பக்கம் ஒரு கருகல் வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் டேப்பட் கவரின் பின்மூலையில் ஆயில் கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டி அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கவரின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது, கழற்றும்போதே துண்டுதுண்டாக உடைந்தது. வண்டி முக்கால்வாசி ஆயிலைக் குடிக்கவே இல்லை, ஒழுகவிட்டிருக்கிறது. அதற்கு எந்த கிரேடு ஊற்றி என்ன?

புது கேஸ்கெட் போட்ட பிறகு 1000 கிலோமீட்டருக்கு 100 மில்லிதான் குறைகிறது. போன வாரம் சித்தப்பா போனில் கேட்டார், "இப்ப குடிக்கிறது குறைஞ்சிருக்கா? கெட்டி ஆயில்தானே ஊத்துறே?"

"ஆமா சித்தப்பா" என்றேன்.