மூணாங் கட்டம்

அறிவியல் சார் தவறிட்டார்னு நம்ம குரூப்ல வந்தப்ப நான் துபாய்ல டியூட்டியில இருந்தேன். எல்லாரும் அழுகுற எமோஜி போட்டீங்க, நான் ஒண்ணும் போடல. சாரோட நினைவு மலருக்கு எழுதக் கேட்டதால இப்ப எழுதுறேன், சாரப் பத்தி நல்லது மட்டும்தான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க.

பத்தாம் வகுப்பு மரபியல். மெண்டலோட பட்டாணிச் செடி முடிஞ்ச கையோட என்னைய எந்திரிக்கச் சொல்லி "சட்டையத் தூக்குடா"ன்னார். என் தொப்புள் வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், டிரில் பீரியட்லயே பாத்து வச்சிருக்கார் மனுசன். "ஒங்க வாப்பாவுக்கும் இதேதான? அவரு வாப்பாவுக்கு?" வாப்பா சங்கு குளிக்கிறவர், வெத்து உடம்போட கரையில நிக்கிறத ஊரே பாத்திருக்கு, இல்லன்னு எப்படிச் சொல்ல. போர்டுல தாத்தா, வாப்பா, நான்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு கட்டம் போட்டு, மூணு பேருக்கும் இருக்குன்னு மூணையும் சாக்பீஸால நெரப்பினார். பொம்பளப் பிள்ளைக பக்கம் சிரிப்பு அடங்கவே இல்ல. அன்னையிலேர்ந்து நான் "மூணாங் கட்டம்", இதப் படிக்கிற சிலருக்கு இன்னிக்கும்.

உம்மா மருத்துவச்சியத்தான் திட்டும், கொடிய ஒழுங்கா அறுக்கலன்னு. ஒத்த ரூபாக் காச வச்சுத் துணியால கட்டியும் பாத்துச்சாம். இப்ப என் நாலு வயசு மகளுக்கும் அதே தொப்புள். அறுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கொடி போன ஓட்டை வயித்துச் சதையில முழுசா மூடல, நெறைய பிள்ளைகளுக்கு நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிரும், காசு கட்டுறது வீண், வலிச்சாலோ கல்லா இறுகினாலோ உடனே தூக்கிட்டு வாங்கன்னாரு இங்க டாக்டர். சில குடும்பத்துல தொடர்ந்து வருமாம். சார் அந்த மட்டுக்கும் சரி, ஆனா பட்டாணிக் கணக்குக்கெல்லாம் இது அடங்காது.

அதே சார்தான் ரிசல்ட் வந்த சாயங்காலம், முள்ளித்தீவுப் பக்கம் போய்ட்டு வந்த வாப்பாவ வள்ளத்துலேர்ந்து எறங்கும்போதே மறிச்சு "இவனத் தண்ணியில எறக்கிறாதீங்க பாய்"னு மல்லுக்கட்டினார். பாலிடெக்னிக் பாரத்தையும் அவரே நெரப்பினார். அந்தச் சோறுதான் இன்னிக்கும் திங்கிறேன். வாப்பா சரின்னாரு, வேற ஒண்ணும் பேசல. எங்க வீட்டுல சங்கு எடுக்கத் தெரிஞ்ச கடைசி ஆளு அவருதான்.

போன லீவுல மகளோட சட்டையத் தூக்கிப் பாத்துட்டு "நம்ம வீட்டுப் புள்ளதான்"னு சிரிச்சவரு, தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பான்னு கேட்டாரு. மாசாமாசம் திர்ஹாம் வாங்குற கோச் இன்னும் கையில காத்துப் பட்டை மாட்டித்தான் குளத்துல எறக்குறாருன்னு சொல்ல வாய் வரல, நல்லாப் பிடிப்பா வாப்பான்னேன்.