ரீச்சர் வாங்கிய காணி

அண்மையில் காலமான எங்கள் கணித ரீச்சரைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் சங்கத்தின் மலர்க் குழு கேட்டது. பெயரைப் போடாமல் எழுதுகிறேன். தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. அறுபதுகளில் யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர்களுக்கு யாரென்று எப்படியும் தெரிந்துவிடும்.

அடக்க ஆராதனையை இணையத்தில் பார்த்தேன். போதகர் நீதிமொழிகள் 31ஐ வாசித்தார். எங்கள் சபைகளில் ஒரு தாய் இறந்தால் பெரும்பாலும் அதுதான் வாசிப்பு. குணசாலியான ஸ்திரீ, முத்துக்களிலும் உயர்ந்த விலை, இருட்டோடே எழும்பி வீட்டாருக்குச் சாப்பாடு கொடுக்கிறவள் எல்லாம் வந்தது. பிறகு பேசியவர்களும் அவருடைய பொறுமையையும் சமையலையும் சொல்லி அழுதார்கள். அதே அதிகாரத்தின் 16ஆம் வசனத்தை ஒருவரும் தொடவில்லை. அந்த ஸ்திரீ ஒரு வயலை விசாரித்து அதை வாங்குகிறாள் என்று அங்கே இருக்கிறது. ரீச்சர் அதை அச்சொட்டாகச் செய்தவர்.

கணவர் கொழும்பில் கிளாக்கர். மாதத்தில் ஒருக்கால் யாழ்தேவி ரயிலில் வந்து போவார். வீட்டில் மூன்று பிள்ளைகள், மாமியார், ஒரு மாடு. இதெல்லாம் அந்தக் காலத்தில் எத்தனையோ தாய்மார் பட்ட பாடுதான், விரித்து எழுதத் தேவையில்லை. முதல் மணி அடிக்கும்போது அவர் வகுப்பில் நிற்பார், சேலையில் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது.

உடுவில் கல்லூரியை 1824இல் தொடங்கியவர் அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்சிலோ. எங்களுக்கு அவரை விட எலிசா அக்னியூவைத்தான் கூடத் தெரியும்: 1840இல் வந்து, கலியாணம் செய்யாமல், 1879 வரை பள்ளிக்கூடமே கதியென்று இருந்தவர். அதனாலோ என்னவோ, பள்ளிக்கூடத்துக்கே தன்னைக் கொடுத்தவள்தான் நல்ல ஆசிரியை என்ற எண்ணம் எங்கள் காலத்திலும் இருந்தது. குடும்பத்தோடு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ரீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஹரியற் அம்மையாரும் பிள்ளைகுட்டிக்காரிதானே!"

1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது உடுவில் தனியாகவே நின்றது. அப்படி நின்ற பாடசாலைகள் மாணவரிடம் கட்டணம் வாங்கவும் சட்டம் விடவில்லை. சம்பளத்துக்கு என்ன வழி என்று ஆசிரியர்கள் யோசித்த காலம் அது. அந்தக் காலத்திலும் ரீச்சர் சீட்டுக் கட்டுவதை நிறுத்தவில்லை.

எங்களுக்கு வட்டிக் கணக்கு விளங்கியதே அந்தச் சீட்டால்தான். சீட்டை முந்தி எடுக்கிறவர் விட்டுக்கொடுக்கும் தொகைதான் கழிவு. கரும்பலகையில் மாதங்களை வரிசையாக எழுதுவார். "மூன்றாம் மாதம் கழிவு கூறி எடுக்கிறாள் ஒருத்தி. அவள் உண்மையிலே என்ன வட்டி கட்டுறாள்? சொல்லு பிள்ளை." நாங்கள் முழிப்போம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டால் அம்மாவும் முழிப்பார்.

அவர் கடைசிவரை பொறுத்திருந்து எடுத்த சீட்டுக் காசில் வாங்கியதுதான் சுன்னாகம் பக்கம் 4 பரப்பு (கால் ஏக்கர்) தோட்டக் காணி. நல்ல செம்மண், பங்குக் கிணறு. வாங்குமுன் மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தாராம். விசாரித்து வாங்குவதென்றால் இதுதான்.

1971இல், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தது. மூத்த மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வேண்டும். பாதிக் காணியை விற்க, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் ரீச்சர் போனார். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில், கணவன் எழுத்தில் சம்மதம் தராமல் மனைவி தன் காணியை விற்க முடியாது. கணவர் லீவு போட்டுக் கொழும்பிலிருந்து வந்து கையெழுத்து வைத்தார். "நான் வாங்கேக்க இவரை ஒருத்தரும் தேடேல்லை" என்று ரீச்சர் நொத்தாரிசுக்கு முன்னாலேயே சொன்னாராம். கணவர்தான் அதிகம் சிரித்தவர். நல்ல மனுசன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் உடுவில் அடங்கிய வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது ரீச்சரும் நடந்தார். அப்போது கணவர் இல்லை. கையில் ஒரே ஒரு பை, அதற்குள் வேதப்புத்தகமும், அதன் உறைக்குள் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதிப் பத்திரமும். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இருக்கவில்லை. உறுதி பத்திரமாக இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு, குளிர் சரிவராது என்று திரும்பிவிட்டார். உண்மைக் காரணம் குளிர் இல்லை என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் இருக்கவில்லை. ஊரில் 80 வயதிலும் திண்ணையில் பிள்ளைகளை இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மிஞ்சின 2 பரப்பையும் மகளுக்கு எழுதிவைத்தது அவளுடைய கலியாணத்துக்கு முன்பே. சீதன உறுதி வேண்டாம், நன்கொடை உறுதியாக எழுதுங்கள் என்று நின்றாராம். "கலியாணம் நடந்தாலும் நடக்காட்டிலும் காணி அவளுக்குத்தான்" என்பது அவர் வாதம். மகள் இங்கே எங்கள் சங்கத்தில்தான் இருக்கிறாள். காணியை விற்கவில்லை. குத்தகைக்கு எடுத்தவர் வெங்காயம் போடுகிறார், குத்தகைக் காசு அவளுடைய பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது.