பாட்ரிக் ருவாவைப் பார்த்து கோல் காக்கப் பழகுகிறேன்

பனி ஹாக்கியில் முழங்காலில் விழுந்து கோல் காக்கும் பட்டர்ஃபிளை முறை இப்போது ஓரளவு கைகூடிவிட்டது. முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பனியில் இறங்குகின்றன, காலில் கட்டும் காப்புப் பேட்களின் முன்பக்கம் அடிப்பவரை நோக்கி முழுதாக விரிகிறது. ஸ்கேட் முனையோடு பேடைக் கட்டும் கயிற்றைத் தளர்த்திய பிறகுதான் இது வந்தது. அது இறுக்கமாக இருந்தால் பேட் திரும்பாது, திருகல் முழுவதும் முழங்காலில் போய் இறங்கும். விழுந்தபின் பக்கவாட்டில் நகர்வது மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. இடப்பக்கம் போக வலது காலை ஊன்றித் தள்ள வேண்டும். அதற்கு முன்பே தலையும் தோளும் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) இருக்கும் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

இந்த முறை, நான் பார்த்துப் பழகும் கனடா கோல்கீப்பர் ருவா கண்டுபிடித்தது அல்ல. கோல்கீப்பர் கிளென் ஹால் 1950களிலேயே இப்படி ஆடியவர். ஆனால் பயிற்சியாளர் ஃபிரான்சுவா அலேரோடு சேர்ந்து ருவா இதைத் தீட்டிய பிறகு, கியூபெக்கில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் இப்படித்தான் கோல் காக்கக் கற்றார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1984-ல், மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி அவரை 51-வது ஆளாகத்தான் எடுத்தது. 1986-ல், 20 வயதில், பனி ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பையும், அதற்கான பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவர் கையில்.

இப்போது நான் பழகுவது அவருடைய இன்னொரு வித்தை: ஆசை காட்டி மோசம் செய்வது. எதிராளி தனியாக வரும்போது முழங்கால்களுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அவர் அங்கே அடிக்க மனம் வைக்கும் நொடியில் மூடிவிட வேண்டும். அந்த நொடியைப் பிடிக்க நான் மட்டையின் அலகை, அதாவது பக்கை அடிக்கும் அடிப்பகுதியை, மட்டும் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தால் ஏமாந்து போகிறேன். நிதானமாக வருபவர்களிடம் பலிக்கிறது. வேகமாக வருபவர்களிடம் இன்னும் இல்லை.

இதைச் செய்து பார்த்த பிறகுதான் ருவாவின் நெஞ்சழுத்தம் எனக்குப் புரிந்தது. கோல் வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். அதில் எங்கே அடிப்பது என்பதைக்கூட எதிராளி முடிவு செய்யக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர். 1993 பிளேஆஃபில் கூடுதல் நேரத்துக்குப் போன முதல் ஆட்டத்தில் மான்ட்ரியால் தோற்றது. பிறகு அப்படிப் போன 10 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் தோமாஸ் சாண்ட்ஸ்ட்ரோமைப் பார்த்துக் கண்ணடித்தாரே, அந்தக் காட்சியை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அதே குணம்தான் அவரை மான்ட்ரியாலை விட்டுக் கிளப்பியது. 1995 டிசம்பர் 2, சொந்த மைதானம். டெட்ராய்ட் 11-1 என்று துவைத்தெடுத்த இரவு அது. ஒன்பது கோல் வாங்கிய பிறகே பயிற்சியாளர் மாரியோ ட்ராம்ப்ளே அவரை வெளியே எடுத்தார். அவ்வளவு நேரம் விட்டுவைத்தது அநியாயம் என்பதே என் கருத்து. ருவா நேராக அணி நிர்வாகத்தின் தலைவர் ரொனால்ட் கோரியிடம் போய், மான்ட்ரியாலுக்கு இதுவே தன் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நான்கே நாளில் கொலராடோ அவரை வாங்கியது. அந்தப் பருவத்திலேயே கோப்பை. புளோரிடாவுக்கு எதிரான கடைசி ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை போய் 1-0-வில் முடிந்தது; ருவா தடுத்த ஷாட்கள் 63.

அந்த ஆட்டத்தைத்தான் இப்போது ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு அவர் எந்தக் காலைத் தள்ளி நகர்கிறார் என்று குறித்து வைக்கிறேன். அடுத்த பயிற்சி முழுக்க அது மட்டும்தான்.