உப்பிய பேட்டரியும் நானும்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3

என் மடிக்கணினியில் டச்பேடின் இடதுபக்கத்தை அழுத்தினால் இறங்க மறுக்கிறது. வலதுபக்கம் பரவாயில்லை. தூசியாக இருக்கும் என்று ஊதிப் பார்த்தேன், பயனில்லை. மாலையில் மூடியை மூடும்போது முன்விளிம்பில் ஒரு சந்து தெரிந்தது. மேசைமேல் வைத்தால் ஆடவும் செய்கிறது. நான்கு ரப்பர் கால்களும் ஒன்றாகப் படியவில்லை. திருப்பிப் போட்டு ஸ்கேலைக் குறுக்கே வைத்தேன். நடுவில் மேடு. அதுவும் சரியாகப் பேட்டரி இருக்கும் இடத்தில்.

சார்ஜரை உடனே பிடுங்கினேன். கணினியின் உடம்பில் சூடு இல்லை, எந்த வாசனையும் இல்லை, மீதி சார்ஜ் பாதிக்கும் கீழே. கையிலிருந்த பக்கவடிவமைப்புக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அணைத்துவிட்டேன். ஸ்லீப்பில் விடவில்லை, முழுக்க ஷட்டவுன்.

அடுத்து, எங்கே வைப்பது? அலமாரிக்குள் என்றால் சுற்றிலும் காகிதம். கட்டில், சோபா எல்லாம் பஞ்சு. கடைசியில் திரைச்சீலைக்கும் வெயிலுக்கும் எட்டாத மூலையில், வெறும் ஓடு பதித்த தரையில் வைத்தேன். மேலே எதையும் வைக்கக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 4

அண்ணன் தொலைபேசியில். "லேசா குண்டூசியால குத்து, காத்து இறங்கிடும். வீடியோவுல அப்படித்தான் காட்டுறாங்க."

"அண்ணா, அது காத்து இல்ல."

அரை மணி நேரம் அவருக்கு விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகளின் பேட்டரிக்குள் இருப்பவை பை வடிவச் செல்கள், அதாவது மின்சாரத்தைச் சேமிக்கும் தனித்தனி அலகுகள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மெல்லிய உறைக்குள் நேர்முனைத் தகடு, எதிர்முனைத் தகடு, நடுவில் பிரிப்பானாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், எல்லாம் நனைந்திருக்க ஒரு திரவம். அந்தத் திரவம் தண்ணீர் இல்லை. எத்திலீன் கார்பனேட் போன்ற கரிமக் கரைப்பான்களில் லித்தியம் உப்பைக் கரைத்தது. நாள்பட நாள்பட அது சிதைகிறது. சிதைந்தால் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், ஹைட்ரஜன், மீத்தேன் என்று கலவையாக வாயு வரும். இதில் பெரும்பாலானவை எரியக்கூடியவை. உறை காற்றுப்புகாமல் ஒட்டப்பட்டிருப்பதால் வாயுவுக்குப் போக்கிடமில்லை, அதனால் உப்புகிறது.

குண்டூசி எங்கே ஆபத்து என்றால், அந்தப் பிரிப்பான் படலத்தின் தடிமன் சில பத்து மைக்ரான்களுக்குள்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஊசி உள்ளே போனதும் நேர்முனையையும் எதிர்முனையையும் ஒரே கம்பியாகச் சேர்த்துவிடும். ஷார்ட், அதனால் சூடு, சூட்டால் இன்னும் வேகமான வேதிவினை, அதனால் இன்னும் சூடு. அது ஒரு கட்டத்தைத் தாண்டினால் நிறுத்த வழியில்லை. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும், அது நுரையீரலை அரிக்கும் நஞ்சு.

அண்ணன் கேட்டுவிட்டு, "சரி, அப்போ அழுத்தியாவது விடலாமா?" என்றார். அதுவும் கூடாது. உள்ளே தகடுகள் ஏற்கெனவே நிலை பிசகியிருக்கும்.

ஜூன் 5

இந்த மடிக்கணினி பெரும்பாலும் வெளித்திரையோடு மேசையிலேயே கிடக்கும், சார்ஜரும் செருகியபடியே. பக்கவடிவமைப்பு வேலைக்கு வேறு வழியில்லை. ஆனால் பேட்டரிக்கு இதைவிட மோசமான வாழ்க்கை கிடையாது. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டிலோ, புதிய வகையாக இருந்தால் 4.35, 4.4 வோல்ட்டிலோ நிற்கும். அந்த உச்சத்தில்தான் திரவம் வேகமாகச் சிதையும். பக்கத்திலேயே பிராசசரின் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

போன மாதம் எடுத்து வைத்த பேட்டரி அறிக்கை பென்டிரைவில் கிடந்தது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் கேட்டால் ஒரு பக்கமாகத் தரும். வடிவமைப்புத் திறன் 57,000 மில்லிவாட் மணி, முழு சார்ஜ் திறன் 50,100. அதாவது 88 சதவீத ஆரோக்கியம். பார்த்தால் யாரும் இதை மாற்றச் சொல்லமாட்டார்கள்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. அந்த எண் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை மட்டும் அளக்கிறது. உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்பதை அளக்க அதற்குக் கண் இல்லை. இயங்குதளம் 'நார்மல்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், டச்பேட் ஒரு பக்கம் மேலே வந்துகொண்டே இருக்கும். இரண்டில் எதை நம்புவது என்றால், நான் ஸ்கேலை நம்புவேன்.

பழைய தடிமனான மடிக்கணினிகளில் உருளைச் செல்கள் இருந்தன: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், எஃகுக் கூடு. அவை இப்படி உப்பிக் காட்டாது. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. செல்லுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள் ஷார்ட் ஏற்படுத்தித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். அந்தக் கணக்கில் பார்த்தால் உப்புகிற பேட்டரி முன்கூட்டியே தகவலாவது சொல்கிறது.

ஜூன் 6

சர்வீஸ் சென்டரில் பேசினேன். உத்தரவாதம் முடிந்துவிட்டது. மடிக்கணினிக்கு நீட்டித்த உத்தரவாதம் வாங்கினாலும் பேட்டரிக்குத் தனிக்கணக்கு என்பதை அப்போதுதான் நிதானமாகப் படித்தார்கள். பாகம் கையிருப்பில் இல்லை, பதிவு செய்தால் வரும், எப்போது என்று சொல்லமுடியாது. "கூரியர்ல அனுப்பிடுங்க மேடம்" என்றார் மறுமுனையில் இருந்தவர். பேட்டரி உப்பியிருக்கிறது என்று மறுபடி சொன்னேன். அப்புறம்தான் "அப்போ வேண்டாம், நேர்ல வாங்க" என்றார். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது என்பது உலகளாவிய விதி. அது மடிக்கணினிக்குள் இருந்தாலும் அப்படித்தான்.

நானே கழற்றலாமா என்று சர்வீஸ் கையேட்டைப் பார்த்தேன். பேட்டரி திருகில் மட்டும் நிற்கவில்லை, அடியில் பசைப்பட்டையும் இருக்கிறது. திருகு மட்டும் என்றால் இறங்கியிருப்பேன். ஒட்டிய பேட்டரியை, அதுவும் உப்பியதை, நெம்பிப் பழக இது நேரமில்லை.

ஜூன் 7

தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போனேன். நாள் முழுக்க மதர்போர்டோடு மல்லுக்கட்டுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். மடிக்கணினியைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார். செல் உறை பிளந்திருந்தால் நெயில்பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்புக் கலந்த நெடி வருமாம். வரவில்லை. பக்கத்தில் மணல் நிரப்பிய தகரவாளி இருந்தது; எனக்காக வைத்ததில்லை, எப்போதும் இருக்கிறது என்றார். அதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் இளகியது.

அவர் செய்ததை ஒன்று விடாமல் பார்த்தேன். திருகுகளை எடுத்த இடத்தின் வரிசைப்படியே ஒரு தாளில் குத்தி வைத்தார், ஏனென்றால் பின்பக்கத்தவை நீளம், முன்பக்கத்தவை குட்டை. மாற்றிப் போட்டால் நீளமானது டச்பேடைக் குத்திவிடும். அடிமூடியின் கொக்கிகளை பிளாஸ்டிக் அட்டையால் விடுவித்தார். மூடி தானாகவே எகிறி வந்தது, அவ்வளவு அழுத்தம் உள்ளே. முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றினார். அப்புறம் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தார், போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய.

மூன்று செல்களில் இரண்டு பூரி போல எழும்பியிருந்தன. மூன்றாவது தட்டையாக, எதுவும் நடக்காதது மாதிரி. இழுத்தால் வந்துவிடும் வகைப் பசைப்பட்டைதான், ஆனால் முதல் பட்டை பாதியிலேயே அறுந்தது. அவர் திருப்புளியைத் தொடவில்லை. ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் ஓரத்தில் விட்டுக் காத்திருந்தார். பசை இளகியதும் பிளாஸ்டிக் அட்டையை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்தினார். பேட்டரியை வளைக்காமல் எடுப்பதுதான் முழு வித்தையும். எத்தனை பேர் இந்த இடத்தில் அவசரப்பட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

பேட்டரி வெளியே வந்ததும் டச்பேட் தானாகவே கீழே அமர்ந்தது. இடதுபக்கம் அழுத்தினேன், டக் என்று விழுந்தது. வீங்கி வெகுநாள் விட்டிருந்தால் டச்பேடின் கண்ணாடியோ கீபோர்டுச் சட்டமோ நிரந்தரமாக வளைந்திருக்கும் என்றார்.

ஜூன் 9

பேட்டரியே இல்லாமல் சார்ஜரில் ஓடுகிறது. எல்லா மடிக்கணினியும் இப்படி ஓடாது. இது ஓடுகிறது, ஆனால் மெதுவாக. பிராசசர் திடீரென்று கூடுதல் மின்சாரம் கேட்கும்போது சார்ஜரால் ஈடுகட்ட முடியாததைப் பேட்டரிதான் கொடுக்கிறது. அது இல்லை என்று தெரிந்ததும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எழுத்துத் திருத்தத்துக்குப் போதும். படங்கள் நிறைந்த பக்கத்தைத் திறந்தால் முனகுகிறது.

சார்ஜர் பின் லேசாக ஆடினாலும் எல்லாம் போய்விடும் என்பதால் விரல் சேமிப்புக் குறுக்குவழியிலேயே கிடக்கிறது.

ஜூன் 11

புதிய பேட்டரியைத் தேடும் வேலை, எடுத்துப் போடும் வேலையைவிடப் பெரிது. மடிக்கணினியின் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பொருந்தாததும் வரும். பழைய பேட்டரியின் முதுகிலுள்ள பாக எண்தான் சரியான அடையாளம். என் மாடலுக்கே இரண்டு வகை உண்டு: 11.4 வோல்ட், 5,000 மில்லிஆம்பியர் மணி, இன்னொன்று 7.6 வோல்ட், 7,500 மில்லிஆம்பியர் மணி. இரண்டாவது ஒன்றரை மடங்கு பெரியது என்றுதான் கண்ணுக்குப் படும். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 57 வாட் மணிதான். முதலாவதில் மூன்று செல்கள் தொடராக இணைந்து வோல்ட் கூடுகிறது, மற்றதில் இரண்டு செல்கள்தான். வோல்ட் மாறினால் என் போர்டுக்கு ஆகாது.

அதே அளவு, அதே எடை, ஆனால் திறன் மட்டும் கூடுதல் என்று விற்கிற டூப்ளிகேட்டுகளும் நிறைய. அசல் நிறுவனத்தார் அந்தக் குட்டி இடத்தில் அடைக்கமுடியாததை இவர்கள் மட்டும் எப்படி அடைத்தார்கள்? கம்பெனி பாகத்தையே பதிவு செய்துவிட்டேன். தயாரிப்பு மாதத்தையும் கேட்டு வாங்கினேன், ஏனென்றால் அலமாரியில் கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும்.

ஜூன் 16

வந்தது, பொருத்தியாயிற்று. பத்து நிமிட வேலை. முழு சார்ஜோடு வரவில்லை. லித்தியம் செல்களை நடுத்தர சார்ஜில் வைத்தால்தான் கிடங்கில் நன்றாக இருக்கும். விமானச் சரக்காகத் தனியாக அனுப்பினால் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது.

பழையதை என்ன செய்வீர்கள் என்று பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். கனெக்டர் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணலிட்ட தனிப்பெட்டியில் வைத்திருந்தார். மின்கழிவு எடுப்பவர்களிடம் போகுமாம். கோபால்ட், நிக்கல், லித்தியம் எல்லாம் பிரித்தெடுக்கத் தகுந்தவை என்பது ஒரு பக்கம். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரம் அதை நசுக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. குண்டூசிக்கு மேல் அது.

ஜூன் 19

அமைப்புகளில் சார்ஜ் வரம்பு 80 சதவீதம் என்று வைத்தாயிற்று. தயாரிப்பாளரின் செயலியில் இருந்தது. சில கணினிகளில் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையில் இருக்கும். வெளியே போகும் நாளில் மட்டும் 100 ஆக்கிக்கொள்வேன். அடிமூடிக்குக் காற்று போகும்படி ஒரு ஸ்டாண்டும் வாங்கினேன்.

புதிய அறிக்கை 57,400 காட்டுகிறது, வடிவமைப்பைவிடச் சற்று மேலே. இந்த எண்ணுக்காக இனிமேல் மகிழப்போவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேல்தான். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.