மூங்கில் குச்சியில் ஹால் ஆஃப் நேஷன்ஸ்: இதுவரை செய்தது

டெல்லி பிரகதி மைதானத்தில் 1972 முதல் 2017 வரை நின்ற ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தைச் சின்ன அளவில் செய்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முழுக் கட்டடம் வர இன்னும் நாளாகும். கூரையின் ஒரு துண்டு மேசைமேல் நிற்கிறது. சட்டகத்தின் தண்டுகள் வந்து சந்திக்கும் கணு ஒன்றைச் சிமெண்டில் வார்த்தேன்; அது வாளித் தண்ணீரில் ஊறுகிறது. இந்த இடத்தில் நிறுத்தி, கைக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

கண்காட்சிக் கட்டடம் என்றால் மாதிரி செய்கிறவர்கள் ஈஃபில் கோபுரத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். அது 1889 பாரிஸ் கண்காட்சிக்காக எழுந்தது, 20 ஆண்டு அனுமதியோடு. பிறகு வானொலிக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. எனக்கு நம் நாட்டுக் கட்டடம் ஒன்று வேண்டியிருந்தது. சென்னையிலேயே ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அண்ணா நகர் டவர் பூங்காவில் இருக்கும் கோபுரமும் 1968-இல் இங்கே நடந்த பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியதுதான். அதில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்! ஆனால் ஹால் ஆஃப் நேஷன்ஸ் இடிந்துவிட்டது. நேரில் போய்ப் பார்க்க முடியாத ஒன்றைக் கையால் கட்டித்தான் புரிந்துகொள்ள முடியும் என்பதால் அதை எடுத்தேன்.

கட்டடத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டை ஒட்டி ‘ஏசியா 72’ என்ற பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி டெல்லியில் நடந்தது. அதன் முதன்மைக் கூடம் இது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல், கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். சதுரத் தரையிலிருந்து நான்கு பக்கமும் உள்ளே சாய்ந்து எழுந்து, உச்சி வெட்டிய பிரமிடு மாதிரி நிற்கும். மூலைகளையும் சீவி விட்டிருப்பார்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் தாண்டியது. உள்ளே ஓரங்களில் 3 மீட்டர் உயரம், நடுவில் 21 மீட்டர். புத்தகமும் வைக்கலாம், புல்டோசரும் நிறுத்தலாம். பக்கத்திலேயே ஹால் ஆஃப் இண்டஸ்ட்ரீஸ்: நான்கு சிறிய கூடங்கள், அவற்றை இணைக்கும் சாய்தளங்கள், நடுவில் திறந்தவெளி.

இதெல்லாம் ஸ்பேஸ் ஃபிரேம் என்கிற, தண்டுகளைக் கணுக்களில் கோத்த முப்பரிமாணச் சட்டகத்தால் ஆனது. ஸ்பேஸ் ஃபிரேம் உலகத்துக்குப் புதிதில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் மெங்கரிங்ஹவுசன் 1940களில் கொண்டுவந்த ‘மெரோ’ முறையில் 18 துளை போட்ட எஃகு உருண்டை ஒன்று இருக்கும். குழாய்களை அதில் திருகிக்கொண்டே போகலாம். 1970 ஒசாகா கண்காட்சியில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே ஏறக்குறைய 292 மீட்டர் நீளமும் 108 மீட்டர் அகலமும் கொண்ட எஃகுச் சட்டகக் கூரையைத் தரையில் கோத்து, ஜாக்கி வைத்து மேலே தூக்கினார். டெல்லியிலும் எஃகில்தான் யோசித்தார்கள். ஆனால் அன்றைக்கு இந்தியாவில் எஃகு கிடைப்பதும் அரிது, விலையும் கட்டாது. அதனால் அதே சட்டகத்தைக் கான்கிரீட்டில், அந்த இடத்திலேயே வார்த்துக் கட்டினார்கள். இவ்வளவு பெரிய ஸ்பேஸ் ஃபிரேமை உலகத்தில் அதுவரை யாரும் கான்கிரீட்டில் கட்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் 1:200 அளவில் அட்டையில் வெறும் உருவம் மட்டும் செய்தேன். 78 மீட்டர் 39 சென்டிமீட்டர் ஆகிறது, 21 மீட்டர் பத்தரை சென்டிமீட்டர். இது சுலபமான வேலை. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாயிற்று: சுவர் வேறு, கூரை வேறு என்று பிரிக்க இடமே இல்லை. ஒரே வலைதான் மடிந்து சுவராகிறது, மறுபடி மடிந்து கூரையாகிறது. அதனால் சட்டகத்தின் ஒரு துண்டைச் செய்யக் கற்றுக்கொண்டால் முழுக் கட்டடத்துக்கும் வழி கிடைத்த மாதிரி.

அந்தத் துண்டுக்கு மூல வரைபடத்தின் கோணங்களை எடுக்கவில்லை. ஸ்பேஸ் ஃபிரேம் வேலை செய்யும் விதத்தைக் கற்க, சதுரத்தின் மேல் சதுரம் என்ற எளிய அமைப்பே போதும். கீழே ஐந்துக்கு ஐந்து சதுரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிரமிடு. பிரமிடுகளின் உச்சிகளை மேலே குறுக்கும் நெடுக்குமாக இணைக்க வேண்டும். கணக்குப் போட்டால் கீழ் அடுக்கில் 60 குச்சி, சாய்வில் 100, மேல் அடுக்கில் 40, ஆக 200. கணுக்கள் 61. பிரமிடின் உயரத்தைப் பக்க நீளத்தில் 0.707 பங்கு வைத்தால் 200 குச்சியும் ஒரே நீளமாக வந்துவிடும். நான் 4 சென்டிமீட்டர் வைத்தேன், உயரம் 2.8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரே நீளம் என்பதால் வெட்டும் வேலை ஒரே மூச்சில் முடிந்தது.

குச்சிக்கு முதலில் தென்னை ஈர்க்கைப் பார்த்தேன். அடி தடிப்பு, நுனி மெலிவு என்பதால் சரிப்படாது. ஊதுவத்திக்கு மசாலா பூசும் முன் கட்டுக்கட்டாக விற்கும் வெறும் மூங்கில் குச்சிதான் இதற்குச் சரியான பொருள். நேராக இருக்கும், தடிமன் மாறாது, நகவெட்டியாலேயே வெட்டலாம்.

கணுவில்தான் எல்லாமே இருக்கிறது. உள் கணு ஒவ்வொன்றிலும் எட்டுக் குச்சிகள் சந்திக்கின்றன: படுக்கையாக நான்கு, சாய்வாக நான்கு. இரண்டு வழிகளைச் செய்து பார்த்தேன். ஒன்று, மெரோ மாதிரி மர மணியில் துளை போட்டுக் குச்சியைச் செருகுவது. துளையின் கோணம் இம்மி பிசகினாலும் அடுத்த கணுவில் குச்சி எட்டாது. அதற்கடுத்ததில் இன்னும் விலகும். ஒவ்வொரு மணியும் ஒரே மாதிரி வர எந்திரத் துல்லியம் வேண்டும். இன்னொன்று, எம்-சீல். இரண்டு களிம்பையும் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி, குச்சிகள் சந்திக்கும் இடத்தில் அழுத்திப் பொதிவது. குச்சி ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் களிம்பு நிரப்பிக்கொள்ளும், இறுகியதும் கல்லாகிவிடும்.

இந்த இரண்டாவது வழியில் கை பழகியபோதுதான் டெல்லியில் என்ன நடந்தது என்பது எனக்கு உறைத்தது. எஃகுச் சட்டகத்தில் துல்லியம் தொழிற்சாலையில் பிறக்கிறது; கட்டுமிடத்தில் திருகினால் போதும். வார்த்துக் கட்டும் சட்டகத்தில் துல்லியம் முழுவதும் கட்டுமிடத்தில், ஆட்களின் கையில் பிறக்க வேண்டும். 1851 கண்காட்சிக்காக லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசஃப் பாக்ஸ்டன் எழுப்பிய ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகை, இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் ஒரே அச்சில் எத்தனை இரும்புத் தூணும் கண்ணாடியும் தரும் என்பதைக் காட்டியது. ஒசாகா ஜப்பானின் எஃகைக் காட்டியது. உள்ளே வைத்திருக்கும் சரக்கைவிட, வெளியே நிற்கும் கட்டடம்தான் ஒரு நாட்டின் முதல் காட்சிப்பொருள். 1972 டெல்லி காட்டியது எதை? நல்ல கணக்கு, சிமெண்ட், ஆயிரக்கணக்கான தொழிலாளர் கைகள். இல்லாத எஃகை இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல், இருப்பதை வைத்து இருபதாம் நூற்றாண்டின் கடினமான ஒரு வடிவத்தைக் கட்டினார்கள். கண்காட்சிக் கட்டடங்களில் இதைவிட உண்மையான ஒன்று எனக்குத் தெரியாது.

சாரத்தை, அதாவது கட்டும்போது தாங்கி நிற்கும் முட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல் அடுக்குக் கணுக்கள் இறுகும்வரை அந்தரத்தில் நிற்க முடியாது. தெர்மாக்கோலில் 25 சிறிய முட்டுகள் வெட்டி, கட்டம் வரைந்த அட்டைமேல் நட்டு, அவற்றின் தலையில் களிம்பை வைத்தேன். குச்சி கோர்த்ததைவிட முட்டு செய்யவே அதிக நேரம் போனது. 78 மீட்டருக்கு இதே வேலை என்றால் கட்டடத்துக்கு அடியில் முதலில் இன்னொரு கட்டடம் எழுந்து, கான்கிரீட் இறுகிய பிறகு மறைந்திருக்கிறது. இந்த மாதிரியை யாராவது செய்தால் முட்டுகளைப் பிரித்துப் போடாமல் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துண்டுக்கு உதவும் என்பது மட்டுமல்ல, அதுவும் பார்க்க வேண்டிய பொருள்தான்.

துண்டு முடிந்ததும் நான்கு மூலைகளில் மட்டும் முட்டுக் கொடுத்து, நடுவில் தடித்த அகராதிகளை அடுக்கினேன். அசையவில்லை. நடுப்பகுதியில் ஒரு மேல் குச்சியை வெட்டினேன், அப்போதும் நின்றது. பாரம் வேறு வழி பார்த்துக்கொண்டது. அப்புறம் ஒரு மூலை முட்டுக்குப் பக்கத்துச் சாய்குச்சியை வெட்டியவுடன் அந்தப் பக்கம் சட்டென்று தாழ்ந்தது. எல்லா இடத்திலும் சிதறிப் போகும் பாரம் கால் ஊன்றும் இடத்தில் வந்து குவிகிறது. அந்த இடத்தில் தாராளம் வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு கணுவைப் பெரிதாக, நிஜமாகவே சிமெண்டில் வார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் பகுதியில் சென்டரிங் வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் கட்டடத்தின் பழைய படங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “எட்டுப் பக்கமும் கம்பி வந்து நடுவுல முட்டினா ஜல்லி எங்க தம்பி போவும்?” என்றார். அதுதான் கேள்வி. கணுவின் மையத்தில் கம்பிகள் நெருங்கினால் கலவை இறங்காது, உள்ளே பொந்து விழும். “கம்பிய ஒண்ண ஒண்ணு ஒதுங்கிப் போற மாதிரி வளைச்சுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தித் தட்டிக்கிட்டே இருக்கணும். மேல ஒரு வாய் விட்ருங்க.” அவர் சொன்னபடி செய்தேன். அட்டைக் குழாய்களை எட்டுத் திசையிலும் பொருத்தி அச்சு, உள்ளே கட்டுக்கம்பி, சலித்த மணலும் சிமெண்டும், ஜல்லிக்குப் பதில் பொடிக்கல். குச்சியால் குத்திக் குத்தி இறக்கினேன். அச்சைப் பிரித்தபோது கணு முழுதாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் மறுபடி பழைய படத்தை வாங்கி, “இத அம்மாம் உசரத்துல, இத்தன எண்ணமா...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தக் கட்டடத்துக்கு நான் கேட்ட பாராட்டுகளில் இதைத்தான் மேலாக வைப்பேன்.

வெயில் சோதனையும் செய்தேன். சட்டகத்தின் ஆழமே வெயிலைத் தடுக்கும் என்பது ரேவலின் எண்ணம், வடஇந்திய அரண்மனைகளின் ஜாலிக் கல்சன்னல் போல. சில முக்கோணங்களை அட்டையால் அடைத்து மொட்டை மாடியில் வைத்தேன். உச்சி வெயிலில் கீழே விழுந்த நிழல் அடர்த்தியாக இருந்தது. மாலைச் சாய்வில் ஒளி உள்ளே நீண்டது. கட்டமைப்பும் நிழலும் ஒரே பொருளில் முடிந்துவிடுகின்றன. குளிரூட்டிய பெட்டிகளாகக் கட்டும் இன்றைய கண்காட்சி அரங்குகளில் இந்த யோசனையைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

1980 முதல் வழக்கமாக நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கும் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சியும், உலகப் புத்தகக் கண்காட்சியும் பிரகதி மைதானத்தை டெல்லிக் குடும்பங்களின் ஊர்த்திருவிழா இடமாக ஆக்கியிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்ற கூடத்தை 2017 ஏப்ரல் 23 இரவு இடித்தார்கள். உலகெங்கிலுமிருந்து கட்டடக் கலைஞர்களும் அருங்காட்சியகங்களும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். 60 ஆண்டு ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது அங்கே வழக்கம். இதற்கு வயது 45. கட்டியவர்கள் இருவருமே அப்போது உயிரோடு இருந்தார்கள். அந்த வளாகத்தில் எழுந்த பாரத் மண்டபத்தில்தான் 2023-இல் ஜி20 மாநாடு நடந்தது. புதிய அரங்கு தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. 78 மீட்டர் தூணில்லாக் கூடம் ஒன்று கையில் இருக்கும்போது அதைச் சேர்த்து வரையத் தெரியாமலா போயிற்று என்பதுதான் என் ஆற்றாமை. வயதை மட்டும் பார்க்கும் விதி, நம் காலத்தில் நாமே கட்டிய நல்லவற்றைக் காப்பாற்றாது.

இனிச் செய்ய வேண்டியது: கூரையும் சாய்சுவரும் சந்திக்கும் விளிம்பு. அங்கே வலை மடிவதால் கணுவில் வந்து சேரும் கோணங்கள் மாறுகின்றன; ஒரே அளவு முட்டுகள் உதவாது. அந்த விளிம்புக்குத் தனி அச்சு வரைந்துகொண்டிருக்கிறேன். சீவிய மூலை அதற்கும் அடுத்தது. அது முடிந்தால் ஹால் ஆஃப் இண்டஸ்ட்ரீஸின் சாய்தளங்கள். அவற்றை அட்டையிலேயே செய்யலாம் என்று நினைக்கிறேன்.